நோவைக் கேட்பவரும் மருந்தை எழுதுபவரும்

மருந்து விதிக்கும் உரிமை வைத்தியர்க்கு உரியது. ஆயினும் நோயாளியின் அருகே நெடுநேரம் இருப்பவர் அவரல்லர். தாதியரும் இயன்மருத்துவருமே நோவின் ஏற்ற இறக்கத்தை மணிக்கு மணி காண்கின்றனர். ஒரு குளிசையைத்தானும் விதிக்கும் அதிகாரம் இவர்க்கில்லை. ஆதலின் நோநீக்கும் மருந்துகளைப் பற்றிய அறிவும் இவர்க்கு வேண்டுவதில்லை எனக் கருதுவாருளர். அக்கருத்துப் பொருந்தாது. கொடுத்த மருந்து பயன் செய்ததா, ஊறு செய்ததா என்பதை முதலிற் காணுங் கண் இவர்களுடையதே.

நோவு ஒரு தன்மையதன்று. நம் பேச்சுவழக்கே இதற்குச் சான்று. மூட்டில் உளைவு என்கிறோம். விலாவிற் குத்து என்கிறோம். பாதத்தில் எரிவு, விறைப்பு என்கிறோம். இவை வெறுஞ் சொல்வளம் அல்ல. உளைவு பெரும்பாலும் அழற்சியால் எழுவது. எரிவும் விறைப்பும் பெரும்பாலும் நரம்பின் பழுதால் எழுவன. இரண்டுக்கும் மருந்து வேறு. நோயாளி தமிழிற் கூற, வைத்தியர் பிறிதொரு மொழியிற் குறித்துக்கொள்ளும் கொழும்பு வாட்டுகளில் இவ்வேறுபாடுகள் யாவும் ஒரே சொல்லுள் அமிழ்ந்துவிடல் கூடும். இடைநிற்கும் தாதி அச்சொல்லை உள்ளவாறே எடுத்துரைப்பாராயின், விதிக்கும் மருந்தே மாறிவிடலாம்.

அழற்சிக்குரிய மருந்துகளுள் மூத்தவற்றுள் ஒன்று அஸ்பிரின். அது 1897 இல் ஜேர்மனியில் தூயநிலையில் ஆக்கப்பட்டதாயினும், அது தொழிற்படும் வகையை 1971 இலேதான் ஜோன் வேன் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார். உடலில் புரொஸ்ரகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாதலை அது தடுக்கின்றது. இக்கண்டுபிடிப்புக்காக 1982 இல் அவர் நோபெற் பரிசிற் பங்குபெற்றார். இபுபுரொபன், டைக்ளோபினக் என்பனவும் இவ்வழியினவே. ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்குக் குருதி குறையாது செல்லத் துணைபுரிவதும் இதே பொருள்களே. எனவே நோவு தணியும்போதே இரைப்பையிற் புண்ணும், குருதியழுத்தத்துக்கு மருந்துண்ணும் முதியவரிடத்துச் சிறுநீரகத் தளர்ச்சியும் நேரலாம். கறுத்த மலம், வீங்கிய கால், குறைந்த சிறுநீர் இவற்றை நோயாளி தாமாகக் கூறார், கேட்டறிதல் வேண்டும்.

டெங்குக் காய்ச்சலில் இவ்வறிவு உயிரைக் காப்பதாகும். 2017 இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் அந்நோயாற் பீடிக்கப்பட்டனர். குருதிச் சிறுதட்டுகள் குறையும் அந்நோயில் அஸ்பிரினும் அதன் இனத்தவையும் குருதிப்பெருக்கை விளைவிக்கக் கூடியன. அக்காய்ச்சலுக்கும் உடல்நோவுக்கும் பரசிற்றமோலே தக்கது.

அதற்கும் எல்லையுண்டு. வளர்ந்தோர்க்கு ஒருநாளில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு, மேல்வரம்பு. உடல் மெலிந்தார்க்கும் ஈரல் நோயாளர்க்கும் இன்னுங் குறைவு. மீறின் ஈரல் பழுதுறும். பனடோல் ஒன்று, தடிமனுக்கு வேறொரு குளிசை, பரசிற்றமோல் என எழுதிய பொதி மற்றொன்று என மூன்றையும் விழுங்கியவர், ஒரே மருந்தை மும்முறை உண்டதை அறியார். மருந்தை அதன் பொதுப்பெயராலே வழங்கவேண்டுமென மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே வாதிட்டதற்கு விலைமட்டுமே காரணமென எண்ணுதல் குறைவுடைத்து. 1971 இல் அவர் முயற்சியால் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது.

நரம்புநோவுக்கு மேற்கூறியவை பெரிதும் பயன்படா. நீரிழிவாற் பாதம் எரிவோர்க்கு அமிற்றிப்ரிலின், கபபென்ரின் முதலியவை தரப்படும். முன்னையது மனச்சோர்வுக்கும் பின்னையது வலிப்புக்கும் உரிய மருந்துகளாதலின், பொதியினுள் இருக்குந் துண்டைப் படித்து வெகுண்டு கைவிடுவோர் பலர். அவை நரம்பின் மிகைத்துடிப்பையும் தணிக்கின்றன. பயன் தெரியச் சில கிழமைகள் செல்லும் என ஈரிரு வார்த்தை கூறுவார் வேண்டும். இவை தூக்கமும் தள்ளாட்டமும் தருவன. வெள்ளவத்தை மாடிவீட்டிலே, பிள்ளைகள் கடல்கடந்திருக்கத் தனித்துறையும் முதியவரை நடக்கப் பயிற்றும் இயன்மருத்துவர், எம்மருந்து எப்போது உண்டார் என முதலில் வினவல் நன்று. சாதாரண நோநீக்கி உண்டு ஒருமணி நேரத்தின்பின் பயிற்சியைத் தொடங்கின் அது எளிதாகும்.

எஞ்சியது மோர்பின். அதன் பெயர் கேட்டவுடன் வீட்டார் நடுங்குவர். இறுதி நெருங்கிவிட்டதென்றும் அடிமையாக்கிவிடுமென்றும் அஞ்சி, ‘தாங்க இயலாதபோது மட்டும்’ கொடுப்பர். இதனினும் கொடியது வேறில்லை. சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் முதலில் தாதியாகப் பயின்றவர். இலண்டனில் சென் லூக்ஸ் இல்லத்திலே தொண்டாற்றியபோது, நோவு தலையெடுக்குமுன் குறித்த நேரந்தோறும் மோர்பின் கொடுக்கப்படுவதையும், நோயாளர் அமைதியுடன் இருப்பதையும் கண்டார். பின்னரே வைத்தியராகி, 1967 இல் சென் கிறிஸ்தோப்பர் இல்லத்தை நிறுவினார். கோழிக்கோட்டில் 1993 இல் தொடங்கிய நோவுதணிப்பு இயக்கத்திலும் தாதியரும் அயலவருமே வீடுதோறும் சென்று நோயாளரைப் பேணினர்.

வாய்வழி உண்ணும் சாதாரண மோர்பின் ஏறக்குறைய நான்கு மணிநேரம் தொழிற்படும். அடுத்த வேளை தாழ்த்தால் நோவு மீண்டு எழும். எழுந்தபின் அடக்குதல் அரிது. குமட்டல் சில நாளில் நீங்கும். மலச்சிக்கல் நீங்காது, ஆதலின் மலமிளக்கியும் உடன் வேண்டும். அளவு மிகுந்தால் மூச்சுத் தளரும். அதற்குமுன் பெரும்பாலும் நோயாளி உறக்கத்துள் ஆழ்வார். பெயர் சொல்லி அழைத்தும் கண் திறவார். அந்நிலையை முதலிற் காண்பவர் படுக்கையருகே இருப்பவர். அடுத்த வேளை மருந்தை நிறுத்திவைத்து, அக்கணமே வைத்தியர்க்கு அறிவித்தல் அவர் கடன்.