அரசாங்கத்தோட கிளைமேட் வாக்குறுதியை நம்பி இஎம்ஐ போடலாமா?



சென்ட்ரல்ல இருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல்ல தினமும் ஷிஃப்டுக்குப் போறவங்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போயிருக்கும். எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு பக்கம் வண்டி போகும்போது, ஜன்னல் வழியா உயரமான புகைபோக்கிகள் தெரியும். வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம். ரெண்டுமே நம்ம திருவள்ளூர் மாவட்டம்தான். வல்லூர் மட்டுமே 1,500 மெகாவாட்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பத்தி நம்ம சேனல்ல வீடியோ போட்ட பிறகு, சிப்காட்ல வேலை பார்க்கிற ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "அண்ணா, அமெரிக்காவே பாரிஸ் ஒப்பந்தத்துல இருந்து வெளியே போறேன்னு சொல்லிடுச்சு. நாளைக்கு நம்ம கவர்ன்மென்டும் பின்வாங்கிட்டா? இப்பவே வண்டி வாங்கிடலாமா, இல்ல வெயிட் பண்ணணுமா?"

நல்ல கேள்வி. இதுக்குப் பதில் நியூஸ் சேனல் விவாதத்துல கிடைக்காது. நம்ம பக்கத்துலயே, அந்த ரயில் ஜன்னல்லயே இருக்கு.

புகைபோக்கி சொல்ற கதை

2015 டிசம்பர்ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களுக்கு ஒரு விதி கொண்டுவந்தது. நிலக்கரிப் புகையில வர்ற கந்தக டை ஆக்சைடைக் குறைக்கணும். அதுக்குப் பெரும்பாலான நிலையங்கள்ல எஃப்ஜிடின்னு ஒரு கருவி பொருத்தணும். கெடு ரெண்டு வருஷம், அதாவது 2017 டிசம்பர்.

அந்தக் கெடு என்னாச்சு பாருங்க:

• முதல்ல 2022 வரைக்கும் தள்ளிப்போச்சு.
• 2021 ஏப்ரல்ல நிலையங்களை ஏ, பி, சின்னு மூணாப் பிரிச்சு, 2024 வரைக்கும் நேரம் கொடுத்தாங்க.
• 2022 செப்டம்பர்ல இன்னும் ரெண்டு வருஷம்.
• 2024 டிசம்பர்ல இன்னும் மூணு வருஷம்.
• 2025 ஜூலைல, நிபந்தனையோட 'சி' பிரிவுக்கு விலக்கே கொடுத்துட்டாங்க. நாட்டுல இருக்கிற யூனிட்டுகள்ல முக்கால் பங்குக்கு மேல இந்தப் பிரிவுலதான் வருது.

பத்து லட்சத்துக்கு மேல மக்கள் இருக்கிற நகரத்துல இருந்து 10 கிலோமீட்டருக்குள்ள இருந்தா அது 'ஏ' பிரிவு. அவங்களுக்கு 2027 டிசம்பர் வரைக்கும் டைம். நடுவுல இருக்கிற 'பி' பிரிவுக்கு ஒவ்வொண்ணா பார்த்து முடிவு பண்ணுவாங்க. இந்திய நிலக்கரியில கந்தகம் கம்மி, கருவிக்கு ஆகுற செலவு கரன்ட் பில்லுல வந்து விழும்னு அரசுத் தரப்புல காரணம் சொல்றாங்க. அந்தப் புகையைச் சுவாசிக்கிற ஊர்க்காரங்களுக்கு வேற கணக்கு இருக்கும்.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடுறேன். இது காற்று மாசு விதி. கார்பன் டை ஆக்சைடு பத்தின உலக ஒப்பந்தம் வேற. ஆனா ஒரு விதி எப்படித் தேயும்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. யாரும் "இந்த விதி ரத்து"ன்னு ஒரே நாள்ல அறிவிக்கல. தேதி தள்ளுச்சு, பிரிவு பிரிச்சாங்க, மறுபடி தேதி தள்ளுச்சு, கடைசியா விலக்கு.

சிடிசியும் டேக் ஹோமும்

அப்போ எல்லா வாக்குறுதியும் இப்படித்தான் போகுமான்னா, இல்லை.

2015-ல இந்தியா உலக நாடுகள்கிட்ட ஒரு வாக்கு கொடுத்தது. 2030-க்குள்ள மின் உற்பத்தித் திறன்ல 40 சதவீதம் நிலக்கரி, எரிவாயு மாதிரி எரிபொருள் இல்லாம இருக்கும்னு. 2022-ல அதை 50 சதவீதமா உயர்த்தினாங்க. 2025 ஜூன் மாசமே அந்த 50 சதவீதத்தைத் தொட்டாச்சு. அஞ்சு வருஷம் முன்னாடியே!

ஆனா கைதட்டுறதுக்கு முன்னாடி, சம்பளக்காரங்க நமக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கணும். ஆஃபர் லெட்டர்ல இருக்கிற சிடிசி வேற, அக்கவுன்ட்ல விழுற டேக் ஹோம் வேற. மின் உற்பத்தித் திறன்ங்கிறது சிடிசி மாதிரி. உண்மையில உற்பத்தியாகுற யூனிட்தான் டேக் ஹோம். சோலார் ராத்திரியில ஓடாது, காத்தாலை எல்லா மாசமும் சுத்தாது. அதனால நிஜமா வர்ற யூனிட்டுகள்ல பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான். 2021 கிளாஸ்கோ மாநாட்டுல நிலக்கரியை "ஒழிப்போம்"னு எழுதியிருந்த வரியை "படிப்படியாகக் குறைப்போம்"னு மாத்த வெச்சதுல நம்ம நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே மாநாட்டுலதான் 2070-க்குள்ள நிகர பூஜ்ஜியம்னும் அறிவிச்சாங்க. இன்னைக்கு 25 வயசுன்னா, அப்போ உங்களுக்கு எழுபதுக்குப் பக்கம்!

வெளிநாட்டுலயும் இதே கதைதான். அமெரிக்கா 2017-ல பாரிஸ் ஒப்பந்தத்துல இருந்து விலகுறோம்னு அறிவிச்சது, 2021-ல திரும்பி வந்தது, 2025 ஜனவரியில மறுபடி விலக உத்தரவு போட்டது. 2035-ல இருந்து புது பெட்ரோல், டீசல் காரே விற்கக்கூடாதுன்னு இருந்த ஐரோப்பிய விதியையும் தளர்த்த 2025 டிசம்பர்ல முன்மொழிவு வந்தாச்சு. பாரிஸ் ஒப்பந்தத்துல இலக்கைத் தவறவிட்டா அபராதம்னு எதுவும் கிடையாது.

இதுல இருந்து நாம எடுத்துக்க வேண்டியது: உலக மேடையில சொன்ன பெரிய நம்பர் நின்னாலும் நிற்கும். ஆனா நம்ம பாக்கெட்டைத் தொடுற சின்னச் சின்ன அறிவிப்பு, அதாவது மானியம், வரிச்சலுகை, கெடு, அது சத்தமில்லாம மாறும்.

45,000-ல இருந்து 5,000-க்கு

3 கிலோவாட்-ஹவர் பேட்டரி உள்ள ஒரு ஸ்கூட்டரை எடுத்துக்குவோம். மத்திய அரசு மானியம் எப்படி மாறுச்சு?

• 2021 ஜூன்: கிலோவாட்-ஹவருக்கு 15,000 ரூபாய், வண்டி விலையில 40 சதவீதம் வரை. ஆக 45,000 ரூபாய்.
• 2023 ஜூன்: 10,000-மா குறைஞ்சது, உச்சவரம்பு 15 சதவீதம். ஃபேக்டரி விலை 1.2 லட்சம்னா மானியம் 18,000.
• 2024 ஏப்ரல்: 5,000. அதிகபட்சம் 10,000.
• 2025 ஏப்ரல்: 2,500. அதிகபட்சம் 5,000.

டூவீலர் மானியம் 2026 மார்ச்சோட முடியும்னும் 2025 ஆகஸ்ட்லயே சொல்லிட்டாங்க. வருமான வரியில 80இஇபின்னு ஒரு பிரிவு இருந்தது. எலெக்ட்ரிக் வண்டி லோன் வட்டிக்கு 1.5 லட்சம் வரைக்கும் கழிவு. 2023 மார்ச் 31-க்குள்ள சாங்ஷன் ஆன லோனுக்கு மட்டும்தான். அதுக்கப்புறம் நீட்டிக்கல.

இன்னொரு பக்கம், 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்குமான பெட்ரோல் டூவீலருக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமாச்சு. எலெக்ட்ரிக்குக்கு அதே 5 சதவீதம்தான். ஆக ரெண்டுக்கும் இருந்த விலை வித்தியாசம் நமக்குப் பாதகமா மாறுச்சு.

பொன்னேரியில இருக்கிற என் நண்பர் ஒருத்தர், 2023 இன்க்ரிமென்ட் வரட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்னு காத்திருந்தார். ஜூன்ல ஷோரூம் போனா, மானியமும் குறைஞ்சிருந்தது, 80இஇபியும் முடிஞ்சிருந்தது. இருபதாயிரத்துக்கு மேல கூடுதல் செலவு. மனுஷன் ஒரு வாரம் புலம்பினார்.

ஆனா கதை அங்க முடியல. அவர் தினமும் வண்டியிலேயே கம்பெனிக்குப் போயிட்டு வர்றவர். போட்ட கூடுதல் காசை எப்பவோ எடுத்துட்டார். அவருக்கு முன்னாடியே 2022-ல முழு மானியத்தோட வாங்கின அவரோட ரூம்மேட், வீட்டுல இருந்து ரயில்வே ஸ்டேஷனுக்கு மட்டும்தான் ஓட்டுறார். அவருக்கு இன்னும் கணக்கு தேறல! ஏன்னு பார்ப்போம்.

மானியத்தைப் பூஜ்ஜியம்னு வெச்சு கணக்குப் போடுங்க

அதே மாதிரி பெட்ரோல் வண்டியைவிட எலெக்ட்ரிக் 35,000 ரூபாய் அதிகம், மானியமே இல்லைன்னு வெச்சுக்குவோம்.

முதல் ஆள்: ஒரு நாளைக்குப் போக வர 40 கிலோமீட்டர், மாசம் 25 நாள், 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் 101 ரூபாய்னா மாசம் சுமார் 2,240 ரூபாய். எலெக்ட்ரிக்ல சார்ஜிங் இழப்பையும் சேர்த்து 38 யூனிட், யூனிட் 8 ரூபாய்னு தாராளமா வெச்சாலும் 304 ரூபாய். மிச்சம் 1,900-க்கு மேல. 35,000 ரூபாய் ஒன்றரை வருஷத்துல திரும்ப வந்துடும்.

ரெண்டாவது ஆள்: ஸ்டேஷனுக்கு மட்டும், மாசம் 200 கிலோமீட்டர். மிச்சம் சுமார் 390 ரூபாய். 35,000 திரும்ப வர ஏழரை வருஷம். அதுக்குள்ள பேட்டரி வாரன்டி முடியுமான்னு பார்த்துக்கணும்.

இப்போ முதல் ஆளுக்கு 5,000 ரூபாய் மானியம் கிடைச்சா என்ன மாறும்? ரெண்டரை மாசம் முன்னாடி காசு திரும்பும். அவ்வளவுதான். முடிவை மாத்துறது உங்க கிலோமீட்டர். டெல்லி அறிவிப்பு இல்லை. மானியம் இருந்தாத்தான் கணக்கு தேறும்னா, அந்தப் பொருள் உங்களுக்கு இல்லைன்னு அர்த்தம்.

வீட்டு மொட்டை மாடிக்கும் இதே கணக்குதான்

2024 பிப்ரவரியில வந்த பிஎம் சூர்யா கர் திட்டத்துல 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம். வாடகை ரூம்ல இருக்கிற நமக்கு இது இல்லை, ஆனா ஊர்ல அப்பா அம்மா வீட்டுக்கு யோசிக்கிறவங்க நிறைய பேர். மொத்தச் செலவு 1,90,000-ன்னா, மானியம் போக 1,12,000. கரன்ட் பில்லுல மாசம் 2,000 ரூபாய் மிச்சமாச்சுன்னா அஞ்சு வருஷத்துக்குள்ள வந்துடும். 600 ரூபாய்தான் மிச்சம்னா பதினஞ்சரை வருஷம். முதல் 100 யூனிட் இலவசமா இருக்கிற நம்ம மாநிலத்துல, ஏசி இல்லாத சின்ன வீட்டுக்கு ரெண்டாவது கணக்குதான் பெரும்பாலும் பொருந்தும்.

இன்னொண்ணு, மானியம் சோலார் பொருத்தி முடிச்ச பிறகுதான் அக்கவுன்ட்டுக்கு வரும். அது வர்ற வரைக்கும் முழுத் தொகைக்கும் இஎம்ஐ கட்ட முடியுமான்னு பாருங்க.

உங்க வேலைக்கும் இதுல சம்பந்தம் இருக்கு

கும்மிடிப்பூண்டியில இரும்பு உருக்காலைகளும் ரோலிங் மில்களும் எத்தனை இருக்குன்னு உங்களுக்கே தெரியும். ஐரோப்பிய யூனியன் சிபாம்னு ஒரு எல்லை கார்பன் வரி கொண்டுவந்திருக்கு. இரும்பு, அலுமினியம், சிமென்ட் மாதிரி பொருட்களை அங்க இறக்குமதி பண்ணினா, அதைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனுக்கும் காசு. 2023 அக்டோபர்ல இருந்து கணக்கு மட்டும் கேட்டாங்க, 2026 ஜனவரி 1-ல இருந்து நிஜமான கட்டம் ஆரம்பம்.

இதையும் தளர்த்தினாங்க. வருஷத்துக்கு 50 டன்னுக்குள்ள இறக்குமதி பண்றவங்களுக்கு விலக்கு. இதனால இறக்குமதியாளர்கள்ல சுமார் 90 சதவீதம் பேர் வெளியே வந்துட்டாங்க. ஆனா இதுல அடங்குற கார்பன்ல சுமார் 99 சதவீதம் இன்னும் உள்ளேதான் இருக்கு! "தளர்த்திட்டாங்க"ன்னு தலைப்பைப் படிச்சுட்டு நிம்மதியாயிட்டா ஏமாந்துடுவோம்.

அதனால உங்க கம்பெனி ஐரோப்பாவுக்கு நேரடியா அனுப்புதா, இல்ல அனுப்புற கம்பெனிக்கு சப்ளை பண்ணுதான்னு கேட்டு வையுங்க. குவாலிட்டி, மெயின்டனன்ஸ், அக்கவுன்ட்ஸ்ல இருக்கிறவங்க ஒரு டன்னுக்கு எவ்வளவு கரன்ட், எவ்வளவு எரிபொருள்னு கணக்கு எடுக்கக் கத்துக்கிட்டா, அது அப்ரைசல்ல பேசும். கூடவே ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி.

ஞாபகம் வெச்சுக்க நாலு விஷயம்

1. மானியம் பூஜ்ஜியம்னு வெச்சு கணக்குப் போடுங்க. கிடைச்சா அது போனஸ்.

2. தேதிக்குள்ள கையெழுத்து ஆனதுக்கும், "அடுத்த வருஷமும் இருக்கும்"ங்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு. 2023 மார்ச்சுக்குள்ள லோன் சாங்ஷன் ஆகி, பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு 80இஇபி இன்னும் செல்லும். மறுநாள் வந்தவங்களுக்கு இல்லை. எப்படியும் வாங்குறதுன்னு கணக்கு தேறிடுச்சா, சலுகை இருக்கும்போதே வாங்குங்க.

3. பசுமை எரிசக்தி தீம் ஃபண்ட் பிடிச்சிருந்தா, மொத்த முதலீட்டுல 5 சதவீதத்தோட நிறுத்திக்கோங்க. ஒரே ஒரு அறிவிப்புல ஏறி இறங்குற இடம் அது. மீதிக்கு சாதாரண இண்டெக்ஸ் ஃபண்ட் போதும்.

4. தலைப்பை விடுங்க, தேதியைப் பாருங்க. கெடு தள்ளிப்போறதுதான் முதல் அறிகுறி.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில்: "மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவேன்னு முதல்ல சொல்லு. மோடி, ட்ரம்ப் கதையை அப்புறம் பேசலாம்." அவர் சொன்னது 900. அடுத்த வாரமே புக் பண்ணிட்டார்.

உங்க மாசக் கிலோமீட்டர் எவ்வளவு? மேல இருக்கிற கணக்குல உங்க நம்பரைப் போட்டு, எத்தனை மாசத்துல காசு திரும்புதுன்னு கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல சில பேரோட கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.

குறிப்பு: இங்க இருக்கிற விலைகளும் கணக்குகளும் புரிதலுக்கான உதாரணங்கள்தான். வாங்குறதுக்கு முன்னாடி அன்னைக்கு நிலவரத்தை டீலர்கிட்டயும் அரசு இணையதளத்துலயும் சரிபார்த்துக்கோங்க.