பீச்சுக்குப் போறீங்களா? ஊரைப் பார்க்காதீங்க... கடலைப் பாருங்க!

மே மாதம் பிறந்தால் போதும். பெரம்பூர் முதல் பல்லாவரம் வரை வீட்டுக்கு வீடு ஒரே பஞ்சாயத்துதான்.

"லீவுக்கு எங்கே போறோம்?"

ஊட்டி, கொடைக்கானல் என்றால் செலவு கையைக் கடிக்கும். 2024-ம் ஆண்டு மே மாதத்தில் இருந்து வண்டி மலை ஏற இ-பாஸ் வேறு கேட்க ஆரம்பித்து விட்டார்கள். மிச்சம் இருப்பது கடல்.

கடல் என்று முடிவானதும் எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். கோவில் உண்டா, லாட்ஜ் எப்படி, சாப்பாடு கிடைக்குமா, பஸ் எத்தனை மணிக்கு என்று துருவித் துருவிக் கேட்கிறோம். ஒன்றை மட்டும் கேட்பதில்லை.

அந்த ஊர்க் கடலில் குழந்தையை இறக்கலாமா?

பெரம்பூரில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்பா ஒரு கம்பெனியில் குமாஸ்தா. கையில் 3 நாள் லீவு. மனைவி, 9 வயதுப் பையன், 6 வயதுப் பெண், கூடவே ஊரில் இருந்து வந்திருக்கும் அம்மா. ஆக மொத்தம் 5 பேர். சீட்டுப் பணம் வந்திருக்கிறது. அது கரைவதற்குள் போய் வந்துவிட வேண்டும்.

"மெரினா இருக்கே?" என்று ஆரம்பித்தார் குமாஸ்தா. வீட்டில் அத்தனை பேரும் முறைத்தார்கள்.

முறைப்பதில் நியாயம் இருக்கிறது. மெரினாவில் சுண்டல் சாப்பிடலாம், காற்று வாங்கலாம். கடலில் குளிக்கத் தடை. காணும் பொங்கல் அன்று சவுக்குக் கட்டையால் வேலி போட்டு, போலீசார் காவல் நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சும்மா நிற்கவில்லை. கரையில் இருந்து நாலு எட்டு போவதற்குள் தரை திடீரென்று இறங்கும் கடல் அது.

மாமல்லபுரம்

"மாமல்லபுரம் போலாம்பா" என்றான் பையன். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனபோது கூட்டத்தில் ஒன்றும் சரியாகப் பார்க்கவில்லையாம்.

நல்ல ஊர். 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று யுனெஸ்கோ அறிவித்த ஊர். கடற்கரைக் கோவில், அர்ச்சுனன் தபசு, உருளாமல் நிற்கும் வெண்ணெய் உருண்டைக்கல். ஆனால் காலையில் பஸ் ஏறினால் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். அதற்கு 3 நாள் லீவு எதற்கு?

அதைவிடப் பெரிய சங்கதி, அந்தக் கடல். கல்லைப் பார்க்கப் போகிறவர்கள் பத்திரமாகத் திரும்புகிறார்கள். கல்லைப் பார்த்துவிட்டுக் கடலில் இறங்குகிறவர்களில் சிலர் திரும்புவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் இதே கதைதான். "காலேஜ் மாணவர் அலையில் சிக்கினார்" என்று ஞாயிற்றுக்கிழமை மாலையில் செய்தி வராத மாதங்கள் குறைவு.

நீச்சல் தெரிந்தவர்கள்கூட எப்படி மூழ்குகிறார்கள்? அலை கரைக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டிக் கொண்டே இருக்கிறது. அந்தத் தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டுமே! மணல் மேட்டுக்கு நடுவே பள்ளமான இடம் பார்த்து, வாய்க்கால் மாதிரி ஒரே பாதையில் வேகமாகக் கடலுக்குள் ஓடுகிறது. அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது. பார்த்தால் அமைதியாக இருக்கும். "இங்கே அலையே இல்லை, இங்கே இறங்கலாம்" என்று குடும்பத்தோடு இறங்குவது சரியாக அந்த வாய்க்காலில்தான்.

இழுத்ததும் பதறிப்போய்க் கரையைப் பார்த்து நேராக நீந்துவார்கள். ஓட்டத்தை எதிர்த்து யாராலும் வெகுநேரம் நீந்த முடியாது. கை ஓய்ந்து போகும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அந்த வாய்க்காலை விட்டு வெளியே வந்துவிடலாம். நீச்சல் தெரியாதவர்கள் மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். ஆனால் 6 வயதுக் குழந்தைக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்துக் கடலில் இறக்க முடியுமா?

புதுச்சேரி

மனைவிக்குப் புதுச்சேரி மேல் ஒரு கண். "ரோடெல்லாம் சுத்தமா இருக்குமாம். சாயங்காலம் கடற்கரை ரோட்டுல வண்டியே விடமாட்டாங்களாம்."

உண்மைதான். காந்தி சிலையில் இருந்து காலாற நடக்கலாம். குழந்தைகள் வண்டி பயம் இல்லாமல் ஓடலாம். ஆனால் நகரத்துக் கடற்கரையில் முக்கால்வாசி, மணலுக்குப் பதில் கருங்கல்! 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கில் இருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்து வரும் மணல் அங்கேயே தேங்கிவிட்டது. வடக்கே இருந்த கரையைக் கடல் தின்றது. ஊரைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். பிற்பாடு கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்டதில் ஒரு பகுதிக்கு மட்டும் மணல் திரும்பி வந்திருக்கிறது.

புருசனும் பெண்டாட்டியுமாகப் போய்வரப் புதுச்சேரி அருமை. வாளியும் கரண்டியுமாக மணலில் வீடு கட்ட வேண்டும் என்று அழும் பெண்ணுக்கு அந்தக் கருங்கல் என்ன செய்யும்?

தரங்கம்பாடி பெயரும் அடிபட்டது. 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை, கூட்டம் இல்லாத கரை, கடல் பாதி விழுங்கிய சிவன் கோவில். பார்க்க வேண்டிய ஊர். பையனைக் கேட்டால், "கோட்டையைப் பார்த்துட்டு அப்புறம் என்ன பண்றது?" என்பான். வேளாங்கண்ணியை மாதாவைக் கும்பிடப் போகிறவர்களுக்கு விட்டுவிடலாம். ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. அந்த நாட்களில் பீச் என்று நினைத்துப் போனால் மனிதத் தலைதான் தெரியும்.

"எங்க ஊருக்குப் போங்க!"

மளிகைக் கடை அண்ணாச்சியிடம் சாமான் வாங்கப் போன இடத்தில் குமாஸ்தா இந்தப் பேச்சை எடுத்தார். அவ்வளவுதான். தராசை அப்படியே நிறுத்திவிட்டார் அண்ணாச்சி.

"திருச்செந்தூருக்குப் போங்க தம்பி. கடல்ல முழுக்குப் போட்டு, நாழிக்கிணத்துல குளிச்சு, முருகனைப் பார்த்தா மூணு நாளும் போறதே தெரியாது."

நாழிக்கிணறு அதிசயம்தான். கடலுக்கு இத்தனை பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர். ஆனால் கோவில் முன்னால் உள்ள கரையைச் சில வருடங்களாகக் கடல் அரித்து, படிக்கட்டு போல வெட்டிவிடுகிறது. அமாவாசை, பவுர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கிப் பாசி பிடித்த பாறைகள் தெரிவதும் உண்டு. அண்ணாச்சிக்கு அந்தக் கடல் சின்ன வயதில் இருந்தே பழக்கம். பெரம்பூர்ப் பையனுக்கு?

திருடன் போல வரும் கடல்

"ஒரே செலவுல கன்னியாகுமரி" என்றார் ஆபீஸ் நண்பர். சூரியன் எழுவதும் பார்க்கலாம், விழுவதும் பார்க்கலாம். 1970-ல் கட்டிய விவேகானந்தர் மண்டபம், 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி திறந்த 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம். பார்ப்பதற்கு அதை மிஞ்ச ஊர் கிடையாது.

பார்ப்பதற்கு என்பதில்தான் இருக்கிறது விசயம். முனையில் பாறைக்கு நடுவே கடல் கொந்தளிக்கும். தள்ளி வேறு கரைக்குப் போகலாமே என்று தோன்றும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் பீச்சுக்குச் சென்ற மருத்துவ மாணவ-மாணவிகள் 5 பேர் அப்படிப் போனவர்கள்தான். பெரிய அலை வந்து இழுத்துப் போனது. 5 பேரும் பிணமாகக் கிடைத்தார்கள். டாக்டராகித் திரும்ப வேண்டிய பிள்ளைகள்.

அன்று புயல் இல்லை. காற்று இல்லை. வானம் வெளுத்துத்தான் இருந்தது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மீனவர்கள் இதைக் "கள்ளக்கடல்" என்பார்கள். திருடன் போல வருவதால் அந்தப் பெயர். தெற்கே பல ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் பெருங்கடலில் அடிக்கும் சூறாவளி அலையைக் கிளப்பிவிடும். அது நாள் கணக்கில் பயணம் செய்து, ஒன்றும் அறியாத நம் கரையில் வந்து எழும்பும். ஏப்ரல், மே மாதங்களில் இது அடிக்கடி வரும். நமக்கு லீவு விடும் மாதங்களும் அவையே!

ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் இதை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கை கொடுக்கிறது. அந்த 2024 சம்பவத்துக்கு முன்பும் கொடுத்திருந்தது. மீனவர்கள் கேட்டுப் படகைக் கரையேற்றி விடுகிறார்கள். டூரிஸ்டு பஸ்சில் வருகிறவர்கள் காதில்தான் விழுவதில்லை.

அம்மா வாய் திறந்தார்

எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு அம்மா மெல்லச் சொன்னார். "உங்கப்பாவுக்கு ராமேசுவரத்துல ஒரு தர்ப்பணம் கொடுக்கணும்னு ஆசை. நீங்க பீச்சுனு பேசறீங்க, நான் எப்படிச் சொல்றது..."

"அத்தை, இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார் மருமகள்.

அம்மா பக்தியில் சொன்னார். ஆனால் கடல் கணக்குப் பார்த்தாலும் அம்மா சொன்னதுதான் சரி!

ராமேசுவரம் தீவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கடல். வடக்கே பாக் ஜலசந்தி. ஆழம் குறைவு, அலை சின்னது. தெற்கே மன்னார் வளைகுடா. ஆழமும் வேகமும் அதிகம். ஒன்றைப் பெண் கடல் என்றும் மற்றதை ஆண் கடல் என்றும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். மே மாதம் தெற்கத்திக் காற்று வீசும்போது ஆண் கடல் சீறிக்கொண்டு இருக்க, பெண் கடல் குளம் போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று திரும்பினால் கதையே மாறிவிடும். அப்போது கொந்தளிப்பது பெண் கடல். ஆகவே மே மாதம் பார்த்துவிட்டு வந்தவர் சொன்னதை நம்பி நவம்பரில் போகக் கூடாது.

அக்கினி தீர்த்தம் இருப்பது அமைதியான பக்கத்தில். வயதான பாட்டிகளும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முங்குவதைப் பார்க்கலாம். சுத்தம் மட்டும் கேட்காதீர்கள். விட்டுவிட்டுப் போன வேட்டியும் புடவையும் காலைச் சுற்றும். அமாவாசை நாளைத் தவிர்த்தால் கூட்டத்தில் இருந்தும் தப்பலாம். கோவிலில் 22 தீர்த்தங்கள், வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். கடலைவிடப் பையனுக்கு அதுதான் பிடித்துப் போகும்.

குழந்தைகள் ஆடுவதற்குத் தீவுக்குள் போக வேண்டியதில்லை. பாம்பன் பாலத்துக்கு முன்பே, உச்சிப்புளி பக்கம் அரியமான் என்று ஒரு கடற்கரை. பாக் ஜலசந்தி பக்கம்தான். வெள்ளை மணல், சவுக்குத் தோப்பு நிழல், சின்னச் சின்ன அலை. வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாத இடங்கள் உண்டு. அங்கேயும் குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பது வேறு விசயம்.

தனுஷ்கோடி? கட்டாயம் பார்க்க வேண்டும். இறங்கக் கூடாது. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயலில் ஊரே போனது. பாம்பனில் இருந்து வந்த பாசஞ்சர் ரெயில் அப்படியே கடலுக்குள் போய், பயணம் செய்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இடிந்த சர்ச்சும் ஸ்டேசன் சுவரும் இன்றும் நிற்கின்றன. 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு போட்டுவிட்டதால் கார், ஆட்டோ எல்லாம் போகிறது. அந்த முனையில்தான் இரண்டு கடலும் மோதுகின்றன. தண்ணீரின் அழகைப் பார்த்து இறங்கினவர்களை அந்த ஓட்டம் விட்டுவைத்தது இல்லை.

மீன் குழம்பு கிடைக்குமா?

மனைவிக்கு ஒரே ஒரு சந்தேகம். 3 நாளும் சமைக்கக் கூடாது, நல்ல மீன் குழம்பு வேண்டும். இங்கே ஒரு முட்டுக்கட்டை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன் இனப்பெருக்கத்துக்காகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப் படகுக்காரர்கள் பிடித்து வருவதுதான் புது மீன். விலை ஏறித்தான் இருக்கும். ஓட்டலில் உட்காரும் முன்பே விலையைக் கேட்டுவிடுவது உத்தமம். சாப்பிட்டுவிட்டுப் பில்லைப் பார்த்து முழித்துப் பயன் இல்லை.

பையனுக்கு ரெயில் பைத்தியம். 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறந்த புதிய பாம்பன் பாலத்தில், கப்பல் வந்தால் நடுத்துண்டு லிப்ட் மாதிரி நேராக மேலே போகும் என்று கேள்விப்பட்டதில் இருந்து தூக்கம் இல்லை. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரெயில் நின்றுபோய், இடையில் 2 வருடத்துக்கு மேல் பயணிகள் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் இறங்கி பஸ் ஏற வேண்டி இருந்தது. இப்போது நேராகக் கடல் மேலேயே போகலாம். சாயங்காலம் சென்னையில் ஏறினால் விடிந்ததும் பாலம்.

60 நாளைக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது. மே மாத டிக்கெட்டை மார்ச்சிலேயே பிடித்திருக்க வேண்டும். நம் குமாஸ்தா வழக்கம்போல லேட். போவதற்கு வெயிட்டிங் லிஸ்டு, வருவதற்கு மட்டும் இடம். ஒரு வாரம் தள்ளிப் போட்டுப் பார்த்தார். ஐந்துக்கும் இடம் இருந்தது. அமாவாசையும் இல்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிக்கெட் போட்டுக்கொண்டு இருந்தபோது உள்ளே இருந்து குரல் வந்தது.

"எனக்குக் கீழ் பெர்த்தா பாரு. போன தடவை மேல ஏத்தி விட்டுட்டே!"