துணைவலியும் அதன் விலையும்: அமெரிக்க விடுதலைப் போரில் அயல்நாடுகள்

போரில் ஓரணியில் நிற்கும் நாடுகளை 'நேசநாடுகள்' என்று வழங்குவது நம் வரலாற்றுப் பாடங்களில் வேரூன்றிய மரபு. நேசம் என்பது அன்பைக் குறிக்கும் சொல். ஆதலின் அந்நாடுகள் ஒன்றன்மேல் ஒன்று கொண்ட அன்பினால் இணைந்தன என்னும் எண்ணம் மாணவர் உள்ளத்தில் தானே படிந்துவிடுகிறது. வலியறிதல் என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் ஆளும் சொல்லோ 'துணைவலி'. தன்வலி, மாற்றான்வலி ஆகியவற்றோடு சேர்த்து எடைபோட வேண்டிய ஒரு வலிமையாகவே துணையை அவர் வைத்தார். இவ்விரு சொற்களுள் வரலாற்றுக்குப் பொருந்துவது எது என்பதை, 1775 முதல் 1783 வரை நடந்த அமெரிக்க விடுதலைப் போரைக் கொண்டு காண்போம்.

1763-இல் முடிந்த ஏழாண்டுப் போரில் பிரான்சு கனடாவைப் பிரிட்டனிடம் இழந்தது. அவ்விழப்புக்கு ஈடுகாண முனைந்த பதினாறாம் லூயி மன்னரின் அரசு, 1776 முதல் அமெரிக்கருக்கு மறைவாகப் படைக்கலம் அனுப்பியது. நாடகாசிரியர் பூமார்ஷே நடத்திய ஒரு போலி வணிக நிறுவனமே அதற்குத் திரையாயிற்று. 1777 அக்டோபரில் சாரட்டோகாவில் ஒரு பிரிட்டிஷ் படை முழுமையாகச் சரணடைந்தது. அதன் பின்னரே, 1778 பிப்ரவரி 6 அன்று, பிரான்சு வெளிப்படையாக உடன்படிக்கை செய்தது. அமெரிக்கர் வெல்லக்கூடியவர் என்று தெளிந்த பிறகே துணை வந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. 1779-இல் போரில் இறங்கிய ஸ்பெயின் பிரான்சோடு மட்டுமே உடன்படிக்கை செய்துகொண்டது. அது பெரிதும் நாடியது ஜிப்ரால்டரை.

நோக்கம் எதுவாயினும் துணையின் பயன் பெரிது. 1781 செப்டம்பர் 5 அன்று தெ கிராஸின் பிரெஞ்சுக் கடற்படை செசபீக் விரிகுடாவின் வாயிலில் பிரிட்டிஷ் கப்பல்களைத் தடுத்து நிறுத்தியது. யார்க்டவுனில் இருந்த கார்ன்வாலிசுக்குக் கடல்வழி அடைபட்டது. நிலத்தில் வாஷிங்டனும் ரோஷாம்போவும் முற்றுகையிட, அக்டோபர் 19 அன்று அவர் படை சரணடைந்தது. வலிய கடற்படை இல்லாத குடியேற்றங்கள் தாமே எய்தியிருக்க இயலாத வெற்றி இது.

ஆயினும் அமெரிக்கர் துணைவரை முற்றிலும் நம்பியிருக்கவில்லை. ஒருவர் இசைவின்றி மற்றவர் அமைதி செய்துகொள்வதில்லை என்பது 1778 உடன்படிக்கையின் விதி. அவ்வாறிருந்தும், 1782 நவம்பர் 30 அன்று அவர்தம் தூதர்கள் பிரான்சைக் கலந்துகொள்ளாமலே பிரிட்டனோடு முன்னோடி உடன்பாட்டில் கையெழுத்திட்டனர்.

இப்போர் தமிழ் மண்ணையும் தொட்டது. பிரெஞ்சுக்காரரை எதிர்த்த ஆங்கிலேயர் 1778-இல் புதுச்சேரியையும் 1779-இல் மாஹியையும் கைப்பற்றினர். மாஹியின் வீழ்ச்சி ஹைதர் அலியைச் சினங்கொள்ளச் செய்து, 1780-இல் அவர் தொடுத்த போருக்கு ஒரு காரணமாயிற்று. ஒல்லாந்தரும் போரில் சிக்கியமையால் அவர்தம் நாகப்பட்டினம் 1781-இல் ஆங்கிலேயர் வசமாகி, பின்பு அவர்களிடமே நிலைத்தது. 1783 ஜூனில் கடலூரில் நிலத்திலும் கடலிலும் கடும்போர் நடந்தது. ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்சும் ஜனவரி 20 அன்றே முன்னோடி அமைதி உடன்பாடு செய்துவிட்டன. அச்செய்தி கப்பலேறி வந்துசேருமுன் வீரர் பலர் மாண்டனர். அமெரிக்க விடுதலையால் கடலூர் மக்கள் பெற்றது ஒன்றுமில்லை.

பிரான்சும் விலை கொடுத்தது. போர்க்கடன் பெருக்கிய நிதி நெருக்கடியே 1789-இல் மன்னரைப் பொது அவையைக் கூட்டச் செய்து, புரட்சிக்கு வழிதிறந்தது.

ஆகவே 'நேசநாடு' என்னும் சொல் வகுப்பறையில் வரும்போது, ஆசிரியர் சற்றே நின்று இரண்டு வினாக்களை எழுப்பலாம்: துணையாக வந்தவர் எதை நாடி வந்தார்? அத்துணையின் விலையை யார் செலுத்தினார்? இவற்றுக்கு விடைதேடும் மாணவர், விடுதலையடைந்தவரின் வீரத்தைக் குறைத்து மதிக்கமாட்டார். யார்க்டவுனைப் படிக்கையில் கடலூரையும் நினைப்பார்.