லாரி ரெடி... டிரைவரைக் காணோம்!

சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணி. திங்கட்கிழமை ப்ராஜெக்ட் வைவா. திருச்செங்கோட்டுப் பக்கம் ஏதோ ஒரு காலேஜ் ஹாஸ்டலில், விண்டோஸ் மக்கர் பண்ணுகிறதே என்று புதுசாக இன்ஸ்டால் பண்ண உட்கார்கிறீர்கள். ஸ்கிரீன் கூலாகச் சொல்கிறது: 'டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை!'

பகீர்னு இருக்கா? டி டிரைவில் ஆறு மாச உழைப்பு ஆச்சே! பக்கத்து ரூம் நண்பன் 'டிஸ்க் அவுட்டுடா மச்சான், புதுசு வாங்கிடு' என்பான். இன்னொருத்தன் 'எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மேட் அடிடா' என்பான். ரெண்டு பேருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள். உங்கள் டிஸ்க் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும்.

நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். பட்டறையில் பாடி கட்டி முடித்து, லோடும் ஏற்றி லாரி நிற்கிறது. டிரைவர் வரவில்லை. வண்டி நகருமா? அதற்காக லாரியைக் காயலான் கடையில் போடுவோமா? டிஸ்கில் இருக்கும் ஃபைல்கள்தான் லோடு. அதை ஏற்றி இறக்கும் கன்ட்ரோலர்தான் லாரி. அந்த லாரியை ஓட்டத் தெரிந்த குட்டி சாஃப்ட்வேருக்குப் பெயரே டிரைவர்தான்!

அண்ணன்கள் பட்ட பாடு

இது இன்றைக்கு வந்த தலைவலி இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி வந்தது 2001-ல். சாட்டா டிஸ்க்குகள் வந்தது 2003 வாக்கில். அதற்குப் பிறகுதான் ஏஹெச்சிஐ என்ற புது முறை. பின்னால் பிறந்த லாரியை முன்னால் வந்த சிடிக்கு எப்படித் தெரியும்? இன்ஸ்டால் ஆரம்பிக்கும்போது எஃப்6 தட்டி, ஃபிளாப்பியில் டிரைவர் கொடுக்க வேண்டும். பென் டிரைவ் செல்லாது, ஃபிளாப்பிதான்! 2007-ல் விற்பனைக்கு வந்த விஸ்டாவில்தான் அந்த டிரைவர் கூடவே வந்தது.

இப்போது கதை திரும்புகிறது. 11-வது தலைமுறை இன்டெல் பிராசசரிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்று ஒரு வசதி. அதற்கான டிரைவர் பல சமயம் விண்டோஸ் இன்ஸ்டாலரில் இருப்பதில்லை. விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால், 11-க்கு மாறும் பலர் இந்த இடத்தில்தான் திருதிருவென முழிக்கிறார்கள்.

முதலில் பயாஸ்

ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் தட்டி (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) பயாஸுக்குள் போங்கள். டிஸ்க் பெயர் தெரிந்தால் பாதி நிம்மதி. தெரியாவிட்டால், டெஸ்க்டாப்பில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபிள்களைக் கழற்றி மாட்டுங்கள். வேறு கேபிள், வேறு போர்ட் மாற்றிப் பாருங்கள். தறி ஓடும் வீடு என்றால் உள்ளே பஞ்சு தூசி அடைந்திருக்கும், துடைத்துவிடுங்கள்.

பயாஸில் தெரிந்து இன்ஸ்டாலரில் தெரியவில்லையா? நண்பன் கம்ப்யூட்டரில், உங்கள் லேப்டாப் கம்பெனியின் சைட்டுக்குப் போய், மாடல் நம்பரைக் கொடுத்து, ஸ்டோரேஜ் டிரைவரை இறக்குங்கள். ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்று இருக்கும். அதை அப்படியே காப்பி பண்ணினால் வேலைக்கு ஆகாது. பிரித்தெடுத்த ஃபோல்டரை பென் டிரைவில் போட வேண்டும். இன்ஸ்டாலரில் 'லோட் டிரைவர்' கிளிக் பண்ணி அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். டிஸ்க் வந்து நிற்கும். அந்தச் சந்தோஷத்தில் டி பார்ட்டிஷனை டெலீட் பண்ணிவிடாதீர்கள், சாமி!

விண்டோஸ் ஓடுகிறது, எக்ஸ்டர்னல் டிஸ்க் மட்டும் தெரியவில்லையா? ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் பண்ணி டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். டிஸ்க் இருக்கிறது, எழுத்து மட்டும் இல்லை என்றால், ஓர் எழுத்து கொடுத்தால் போதும்.

கை வைக்காதே!

'இனிஷியலைஸ் பண்ணட்டுமா?', 'ஃபார்மேட் பண்ணட்டுமா?' என்று கேட்டால், உள்ளே ஃபைல் இருக்கும்வரை ஒரே பதில்: கேன்சல்.

ஏற்கெனவே ஓடும் விண்டோஸில் பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ, விஎம்டியை விளையாட்டாக மாற்றாதீர்கள். ப்ளூ ஸ்கிரீன்தான் மிஞ்சும். மாற்றியிருந்தால் பழையபடி வைத்துவிடுங்கள். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் ரெகவரி கீ கேட்கும். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும். பயாஸைத் தொடும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

ஹார்டு டிஸ்கில் 'டக் டக்' சத்தம் வந்தால் உடனே ஆஃப் பண்ணுங்கள். அது டிரைவர் பிரச்னை இல்லை. லாரியின் அச்சே முறிகிற சத்தம். ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் ஃபைல் திரும்பக் கிடைக்கிற வாய்ப்பு குறையும். டேட்டா மீட்பவர்களிடம் அப்படியே கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்டெப்னி இல்லாமல் எந்த லாரியும் நாமக்கல்லை விட்டுக் கிளம்பாது. உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு ஸ்டெப்னி எங்கே? இந்தப் பக்கத்தை மூடியதும் இன்னொரு காப்பி எடுத்து வையுங்கள், பாஸ்!