மல்வேர்ன் நினைவுகள் – 14: கோப்பையும் கத்தியும்

சென்ற வாரம் வெளியான இடியப்பக் கடைகளைப் பற்றிய அத்தியாயத்தைப் படித்துவிட்டு வந்த நண்பரொருவர், ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த சமையலையே விஸ்தாரமாக எழுதுகிறீரே, இங்கு வந்தபின் பிறர் அடுப்பில் நம்மவர் கற்றுக்கொண்ட சமையலைப் பற்றி ஒரு வார்த்தையேனும் உண்டா என்று கேட்டார். ஆட்சேபம் நியாயமானதே.

1983இல் இலங்கையில் மூண்ட ஆடிக் கலவரத்தின் பின்னர் ரொறன்ரோ வந்து சேர்ந்த நம் இளைஞர்களிற் பலருக்கு முதன்முதல் வாய்த்த உத்தியோகம் 'கோப்பை கழுவுதல்'. (யாழ்ப்பாணத்தாருக்குக் கோப்பை என்பது சோறு உண்ணும் தட்டு; தேநீர்க் கிண்ணமென்று தமிழ்நாட்டு வாசகர்கள் மயங்காதிருக்க இதைச் சொல்லிவைக்கிறேன்.) அவர்களிற் பலர் குடியிருந்தது நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலுள்ள மல்வேர்னில். 1985இல் ஓடத் தொடங்கிய ஸ்காபரோ ரயில் ஒருநாள் மல்வேர்ன் வரைக்கும் நீளும் என்ற நம்பிக்கை இங்கே வெகுகாலம் உலவிற்று. ரயிலோ நீளாமலே, 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்டதோடு, நிரந்தரமாக நின்றும் போயிற்று. ஆகவே நகர மத்தியில் கடைசிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ரயில் மாறி, பேருந்து மாறி, பனியில் நடந்து நள்ளிரவு கடந்து வீடு திரும்பிய அந்தப் பிள்ளைகள், நாளடைவில் கழுவுதொட்டியிலிருந்து காய் நறுக்கும் பலகைக்கும், பலகையிலிருந்து அடுப்புக்கும் உயர்ந்து, இத்தாலியப் பாஸ்தாவையும் பிரெஞ்சுக் குழம்புகளையும் நளபாகமாக ஆக்கப் பழகிக்கொண்டார்கள். ஆனால் வாசற்பலகையில் விளங்கியதோ வேறொருவரின் பெயர். கற்ற வித்தைக்குத் தம் பெயரையிட்டுத் தாமே கடை திறந்தவர்கள் அபூர்வம்.

அத்தகைய அபூர்வங்களுள் ஒன்றைக் காண மல்வேர்னிலிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை. நகரின் வட எல்லையாகிய ஸ்டீல்ஸ் கிழக்குச் சாலையிலே, சாமானியமான கடைத்தொகுதி ஒன்றில், 'சுமிலிசியஸ்' என்ற உணவகம் 2018 முதல் நடந்துவருகிறது. உரிமையாளர் சுமித் பெர்னாண்டோ, இலங்கையர். மொன்றியால் நகரத்து 'ஷ்வார்ட்ஸ்' கடையில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் உழைத்தவர். ஷ்வார்ட்ஸ் என்பது ருமேனியாவிலிருந்து வந்த யூதர் ஒருவர் 1928இல் ஸ்தாபித்த, புகையூட்டிய இறைச்சிக்கு இன்றளவும் பிரசித்தி பெற்ற கடை. ருமேனிய யூதரின் பாகம் மொன்றியாலில் வேர்கொண்டு, அங்கிருந்து ஓர் இலங்கையரின் கைவழியே நம் அயலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதைப் 'பிறர் சமையல்' என்று ஒதுக்குவதை நான் ஒப்பேன். பதினெட்டு வருஷம் ஒரு வித்தைக்குத் தன் கையைக் கொடுத்தவனுக்கு அந்த வித்தை சொந்தமாகாதென்றால் வேறெவனுக்குத்தான் அது சொந்தமாகும்?

பாகத்தின் முறை பொறுமையைச் சோதிப்பது. மாட்டின் நெஞ்சிறைச்சியில் உப்பும், மிளகும், கொத்தமல்லியும், பூண்டும் முதலான சரக்குகளைத் தேய்த்து நாட்கணக்கில் ஊறவைத்து, பின்னர் மணிக்கணக்கில் புகையூட்டி, அதன் பின்னும் ஆவியில் வேகவைத்து, கடுகுச்சாந்து பூசிய இரண்டு ரை ரொட்டித் துண்டுகளுக்கிடையே அடுக்கித் தருகிறார்கள். உப்புக்கண்டம் போட்ட பாட்டிமார் இதைக் கண்டால் பாதி முறையைத் தாமே சொல்லிவிடுவார்கள். சரக்குகளும் நம் அடுக்களையில் உள்ளவையே. நமக்குப் பழக்கமில்லாதது கத்தி வேலை. ஆவி பறக்கும் இறைச்சியைத் தசைநார் ஓடும் திசைக்குக் குறுக்கே, கையாலேயே, துண்டு சிதையாதபடி அரிய வேண்டும். திசை தவறினால் பல நாள் பிரயாசையும் வாயில் நாராகிவிடும். நான் போன அன்று வரிசையில் நின்றபடி அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்ததில், எனக்கு முன்னால் நின்றவர் நகர்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

2022 செப்டெம்பரில், உணவகங்களுக்கு நட்சத்திரமிட்டுத் தரம் கூறும் மிஷ்லின் கையேடு கனடாவிலே முதன்முதலாக ரொறன்ரோவுக்கு வந்தபோது 13 உணவகங்கள் நட்சத்திரம் பெற்றன. அவற்றுள் ஒன்றுகூட ஸ்காபரோவில் இல்லை. ஸ்காபரோவில் பரீட்சிக்க வேண்டிய அடுப்புகள் இல்லாமையால் அப்படி நேர்ந்தது என்று நான் நம்பவில்லை. எனினும், நியாயமான விலையில் நல்ல உணவு தரும் கடைகளுக்கென்று அதே கையேடு வழங்கும் 'பிப் கூர்மோன்' என்ற கௌரவம் சுமிலிசியஸுக்குக் கிட்டியிருக்கிறது. சுமித் என்ற பெயரின் முற்பாதி ஆங்கிலச் சொல்லொன்றின் பிற்பாதியோடு ஒட்டிக்கொண்டு, அந்தப் பலகை வழியாக, உலகப் பிரசித்தமான ஒரு புத்தகத்தில் ஏறிவிட்டது.

மாட்டிறைச்சி உண்ணாத வாசகர்கள் இந்த வாரம் என்னை மன்னிக்க. உண்பவர்கள், வெள்ளிக்கிழமை விரதத்தை முடித்துக்கொண்டு, சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன்னதாகவே போய்விடுங்கள். கொழுப்பு எவ்வளவு வேண்டுமென்று கேட்பார்கள். நடுத்தரம் என்று சொல்லுங்கள்.