ஆங்கிலச் சொல்: பொருளும் எதிர்ப்பொருளும் அறிந்து கையெழுத்திடுவோம்



நம் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத் தேர்வுக்காக இணைச்சொல், எதிர்ச்சொல் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைப் பார்க்கிறோம். தேர்வு முடிந்ததும் அந்தப் பட்டியல் மறந்துபோகிறது. ஆனால் அதேபோன்ற சொற்கள் வங்கிப் படிவத்திலும், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டிலும், வாடகை ஒப்பந்தத்திலும் நம் வாசலுக்கு வருகின்றன. தேர்வில் தவறினால் ஒரு மதிப்பெண் போகும். இங்கே தவறினால் பணம் போகும். சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும். அப்படிப்பட்ட சில சொற்களை இந்த இதழில் விளக்குகிறோம்.

இணைச்சொல் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் ஒரே கருத்துக்குப் பல சொற்கள் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஏராளமாகக் கலந்தன. கல்வியின் வழியே லத்தீன் சொற்களும் வந்தன. வாரிசு, ஜாமீன், அசல், நகல் ஆகிய சொற்கள் அரபி வழியாக வந்து தமிழில் கலந்ததைப் போலத்தான் இதுவும்.

'ஆஸ்க்' என்றால் சாதாரணமாகக் கேட்பது. 'இன்டராகேட்' என்பதும் கேட்பதுதான். ஆனால் அது போலீசார் துருவித் துருவி விசாரிப்பது. வேலைக்கான நேர்காணலில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட முடியாது. இணைச்சொற்கள் உறவுக்காரர்கள் மாதிரி. ஆளுக்கு ஆள் வேலை வேறு.

நாமினியும் வாரிசும்

பலர் ஒன்றென்று நினைத்து ஏமாறும் சொற்கள் இவை. வங்கியில் டெபாசிட் போடும்போது 'நாமினி' என்ற கட்டத்தில் மூத்த மகனின் பெயரை எழுதுகிறோம். தகப்பனார் மவுத்தான பிறகு, "பணத்தை எனக்குத்தானே எழுதி வைத்தார்" என்று மகன் எண்ணிவிடுகிறார். தாயும் சகோதரிகளும் கேட்கத் தயங்கி நின்றுவிடுகிறார்கள்.

நாமினி என்றால் பெயர் குறிப்பிடப்பட்டவர் என்பதுதான் பொருள். வங்கி யாரிடம் பணத்தை ஒப்படைக்கலாம் என்பதற்காக அந்தப் பெயர் கேட்கப்படுகிறது. வாங்கியவர் அதை உரிய வாரிசுகளிடம் சேர்க்கக் கடமைப்பட்டவர். நமக்கு 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் பொருந்துவதால் மனைவி, மகள், தாய் ஆகியோரின் பங்கு இதில் நிலைத்திருக்கிறது. கம்பெனிப் பங்குகள் தொடர்பான ஒரு வழக்கிலும், நாமினி நியமனம் வாரிசுரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015-இல் சட்டம் திருத்தப்பட்டது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகக் குறித்திருந்தால் அதற்குத் தனி விதி உண்டு. ஆகவே பாலிசி விஷயத்தில் விவரம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சாட்சியா, ஜாமீனா?

"சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று சொல்லிக் கடன் பத்திரத்தை நீட்டுவார்கள். கையெழுத்துக்குக் கீழே 'விட்னஸ்' என்று இருந்தால் நாம் சாட்சி. 'கியாரண்டர்' அல்லது 'ஷ்யூரிட்டி' என்று இருந்தால் நாம் ஜாமீன்தாரர். இந்த இரண்டும் உண்மையிலேயே இணைச்சொற்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பத்திரத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவர் கட்டாவிட்டால் நம் வீட்டுக்கு நோட்டீஸ் வரும்.

கடைசியில் 'ஈ' வந்தால்

பத்திரங்களில் சில எதிர்ச்சொற்கள் ஜோடியாக வரும். கொடுப்பவர் 'அர்' என்றும், பெறுபவர் 'ஈ' என்றும் முடிவார்.

லெஸ்ஸர் – குத்தகைக்கு விடும் சொத்துக்காரர். லெஸ்ஸீ – குத்தகைக்கு எடுப்பவர்.
பேயர் – பணம் செலுத்துபவர். பேயீ – பணம் பெறுபவர்.
மார்ட்கேஜர் – சொத்தை அடமானம் வைப்பவர். மார்ட்கேஜீ – அதை ஏற்றுக் கடன் கொடுப்பவர்.

கடைசி ஜோடியில் பலர் தடுமாறுவார்கள். கடன் கொடுக்கும் வங்கிதான் 'அர்' என்று தோன்றும். ஆனால் இங்கே கொடுக்கப்படுவது அடமானம். அதைக் கொடுப்பவர் கடன் வாங்குகிற நாம்.

ஆஸ்பத்திரிச் சீட்டில்

'ஹைப்போ' என்றால் குறைவு, 'ஹைப்பர்' என்றால் அதிகம். காதுக்கு ஒன்றுபோல ஒலித்தாலும் பொருள் நேர் எதிர், வைத்தியமும் எதிர். ஹைப்போதைராய்டுக்குத் தரும் மாத்திரையை ஹைப்பர்தைராய்டு உள்ளவர் சாப்பிடக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் அது ஹைப்போகிளைசீமியா. நினைவோடு இருந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டும். பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'பினைன்' என்றால் புற்றுநோய்க் கட்டி அல்ல. 'மாலிக்னன்ட்' என்றால் புற்றுநோய்.

முன்னொட்டு ஏமாற்றும்

'இன்' முன்னால் வந்தால் எதிர்ச்சொல் என்று பள்ளியில் படிக்கிறோம். 'கரெக்ட்', 'இன்கரெக்ட்' போல. ஆனால் 'ஃபிளேமபிள்', 'இன்ஃபிளேமபிள்' இரண்டுமே எளிதில் தீப்பற்றும் என்றுதான் பொருள்படும். தின்னர் டப்பாவில் இதைப் பார்த்தால் அடுப்படியில் வைக்கக் கூடாது. தீப்பற்றாதது என்பதற்கு 'நான்-ஃபிளேமபிள்' என்று எழுதியிருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது

பிள்ளைகளிடம் தனி நோட்டு ஒன்று கொடுங்கள். மின் கட்டண ரசீது, மருந்துப் பெட்டி, வங்கிப் படிவம் ஆகியவற்றிலிருந்து தினமும் இரண்டு சொற்களை எடுத்து எழுதட்டும். சொல், அது வந்த வாக்கியம், தமிழ்ப் பொருள், எதிர்ச்சொல் என நான்கும் இருந்தால் போதும். வாக்கியத்தோடு படித்த சொல் மனதில் தங்கும். வீட்டுப் பெரியவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் அவர்களுக்கும் பயன்படும்.

எந்தப் படிவமானாலும், பொருள் தெரியாத ஒரு சொல் இருந்தால் அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, தெரிந்தவரிடம் காட்டிவிட்டு மறுநாள் போடலாம். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் வெளிநாட்டு வேலை ஒப்பந்தங்களில் வரும் சொற்களைப் பார்ப்போம்.