தெருநாய்க்கு வரும் கட்டி: வைரஸ்தான் காரணமா? நமக்கும் ஒட்டுமா?

ஒரகடம் பக்கம் சேரப்பணஞ்சேரி மாதிரி ஊர்களில், ஷிஃப்ட் முடிந்து ரூமுக்குத் திரும்புகிறவர்கள் தெருநாய்க்கு பிஸ்கட் போடுவதும், பூனைக்குட்டி வளர்ப்பதும் சகஜம். அப்படிப் பழகிய நாயின் பிறப்புறுப்பில் ரத்தம் கசியும் கட்டி வந்துவிட்டால், "ஏதோ வைரஸ், நமக்கும் ஒட்டிக்கும்" என்ற பயத்தில் விரட்டிவிடத் தோன்றும். ஆனால், பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய புற்றுநோய் அது.

அது என்ன கட்டி?

இந்தியத் தெருநாய்களிடம் பரவலாகக் காணப்படும் இதை டி.வி.டி. என்கிறார்கள். இனச்சேர்க்கையின்போது பரவும். நக்குவது, மோப்பம் பிடிப்பது மூலம் மூக்கு, வாய்க்கும் போகலாம். ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றுவதால் வைரஸ் மீதுதான் விஞ்ஞானிகளுக்கும் சந்தேகம் இருந்தது.

2006-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ராபின் வெய்ஸ் குழு இந்தியா, இத்தாலி, கென்யா நாய்களின் கட்டிகளை மரபணு சோதனை செய்தது. கட்டியின் டி.என்.ஏ., அது வளர்ந்திருந்த நாயின் டி.என்.ஏ.வுடன் பொருந்தவில்லை. ஆனால், வெவ்வேறு நாட்டுக் கட்டிகள் ஒன்றோடொன்று பொருந்தின. அதாவது, பரவுவது புற்றுநோய் செல்லேதான்! 43 நாடுகளின் 546 கட்டிகளை ஆராய்ந்த 2019 ஆய்வின்படி, 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவில் ஏதோ ஒரு நாய்க்கு வந்த புற்றுநோயின் செல்கள்தான் இன்றுவரை நாய்க்கு நாய் தாவிக்கொண்டிருக்கின்றன.

அப்போ வைரஸால் புற்றுநோய் வரவே வராதா?

பூனைக்கு வரும். 1964-ல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட், பூனை லுக்கீமியா வைரஸைக் கண்டுபிடித்தார். ஒரே வீட்டில் பல பூனைகளுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்ததே துப்பு. இந்த வைரஸ் தன் மரபணுவை பூனையின் செல்லுக்குள் செருகிவிடும். அது தப்பான இடத்தில் செருகப்பட்டால், செல் கட்டுப்பாடில்லாமல் பெருகும். எச்சில், ஒரே சாப்பாட்டுத் தட்டு, தாய்ப்பால் வழியாகப் பரவும். இதற்குத் தடுப்பூசி உண்டு. ஏற்கெனவே தொற்றிய பூனைக்கு அது பலன் தராது என்பதால், முதலில் ரத்தப் பரிசோதனை அவசியம்.

2018-ல் ஆஸ்திரேலியாவில், மனிதர்களின் ஹெபடைட்டிஸ் பி-க்கு உறவான ஒரு வைரஸ் பூனையிடம் கண்டறியப்பட்டது. பூனைகளின் கல்லீரல் புற்றுநோயில் அதற்குப் பங்கு இருக்கலாம். ஆனால், காரணம் அதுதான் என இன்னும் நிரூபணமாகவில்லை.

நாய்களைப் பொறுத்தவரை, பாப்பிலோமா வைரஸ் குட்டிகளின் வாயில் காலிஃபிளவர் மாதிரி மருக்களை உண்டாக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே உதிர்ந்துவிடும். அரிதாகத்தான் புற்றுநோயாக மாறும்.

மனிதர்களுக்கு ஒட்டுமா?

டி.வி.டி. மனிதர்களுக்குப் பரவுவதில்லை. பூனை லுக்கீமியா வைரஸ் மனிதர்களுக்கு நோய் தந்ததாகவும் ஆதாரம் இல்லை. வலியில் இருக்கும் நாய் கடிக்கலாம். உண்மையில் பயப்பட வேண்டியது ரேபீஸுக்குத்தான். அதனால், நீங்களே கட்டியைத் தொட்டுக் கழுவ முயற்சிக்க வேண்டாம்.

என்ன சிகிச்சை?

வின்கிறிஸ்டின் ஊசி. வாரம் ஒன்று வீதம் சில வாரங்கள் போட்டால், பெரும்பாலான நாய்களுக்குக் கட்டி முழுசாகக் கரைந்துவிடும். நம்மூர் வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைத்த மருந்து இது. வீரியமான கீமோ மருந்து என்பதால், கால்நடை மருத்துவர்தான் போட வேண்டும். அரசு கால்நடை மருத்துவமனையில் முதலில் காட்டலாம். கூடுதல் பரிசோதனை தேவைப்பட்டால், வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

முதல் ஊசியிலேயே கட்டி சுருங்கியதும் பலர் நிறுத்திவிடத் தோன்றலாம். பாதியில் விட்டால் திரும்ப வளரும். குணமானதும் கருத்தடை செய்துவிட்டால், இனச்சேர்க்கை வழியாகப் பரவும் வாய்ப்பும் அடைபடும்.

கேட் வாசலில் நிற்கும் அந்த நாயை விரட்டினால், கட்டியோடு அடுத்த தெருவுக்குப் போய் அங்கேயும் பரப்பும். வாராவாரம் மறக்காமல் அழைத்துப்போக இரண்டு பேர் இருந்தால், அது பிழைத்துக்கொள்ளும்.